ஒரு கோலம், மூன்று வாசல்

மன்றத்து நண்பர்கள் முன் ஒரு வழக்கை வைக்க விரும்புகிறேன். வழக்கில் வாதியும் நானே, பிரதிவாதியும் நானே. கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பஜார் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கிடங்கு வேலைக்கு வந்தவர். அம்மா பல ஆண்டுகள் சுக்குப் பொறுக்கினார். நான் இங்கேயே பிறந்து வளர்ந்து, இப்போது இயற்பியலில் முதுகலை படிக்கிறேன். ஓராண்டுக்கு மேலாக ஞாயிறு காலைகளில் எங்கள் பகுதித் தமிழ்ப் பிள்ளைகள் பன்னிருவருக்கு, நானும் இரண்டு நண்பர்களும் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். சிலர் சுமைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். சிலர் ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் தோபிக்கானாவில் துணி வெளுக்கும் குடும்பத்தவர். தங்கள் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்று அக்குடும்பங்களில் வழிவழியாகச் சொல்வார்கள். எல்லோரும் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். எங்களிடம் இருப்பவை மூன்று பழைய மடிக்கணினிகள், ஒரு கரும்பலகை, ஒரு கோரைப்பாய்.

கணிப்பொறியைக் கொண்டு சிறுபிள்ளைகளுக்குக் கணக்குச் செயல்திட்டம் கொடுப்பது இன்று எங்கும் பேசப்படும் பேச்சு. கேரளத்தில் அது புதிதும் அன்று. 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று தொடங்கிய திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகளுக்குக் ‘களிப்பெட்டி’ என்னும் பெயரில் கணிப்பொறிப் பாடநூலே இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டுக் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் பரப்பியதில் இந்த மாநிலத்துக்கு ஈடு வேறில்லை என்றே சொல்லலாம். ஆகவே கருவி இல்லை என்று நான் முறையிட வரவில்லை. கருவி வந்த பிறகு, ஒரே அறையில் இருக்கும் பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு இடத்தில் நிற்கிறார்களே, அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதுதான் வழக்கு.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். கணக்குத்தாளில் ஒரு ‘மளிகைக் கடை’ அமைத்தோம். பத்துப் பொருள், பத்து விலை. வாங்க வருபவர் கேட்பதைக் கூட்டி, கொடுத்த பணத்தில் கழித்து, மீதி தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடை. பதினைந்து நிமிடத்தில் மூவர் முடித்துவிட்டு ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளத் தொடங்கினார்கள். நால்வர் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். ஐவர் விசைப்பலகையைத் தொடவே இல்லை. பின்னால் உட்கார்ந்து, படம் பார்ப்பது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காட்சி எனக்குப் பழக்கமானது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கணிப்பொறி வேளையில் ஒரு கருவிக்கு ஆறு பேர். சுட்டெலி யார் கையில் இருக்குமோ அவன் படிப்பான், மற்றவர் பார்ப்பர். நான் பார்த்தவன். போதாக்குறைக்கு ஒரு தேர்வில் ‘வ்யவகலனம்’ என்று மேலே எழுதியிருந்தது. கழித்தல் என்று யாராவது சொல்லியிருந்தால் செய்திருப்பேன். அது கூட்டலாக இருக்கும் என்று எண்ணி எல்லாவற்றையும் கூட்டி வைத்தேன். அதன் பயனாக மூன்று மாதம் பின்தங்கியோர் பெஞ்சில் உட்கார்ந்தேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம்; அந்த ஆசிரியை நல்லவர், பெஞ்சும் நல்ல பெஞ்சுதான். ஆனால் அந்த மூன்று மாதம் இன்னும் என் மனத்தில் இருக்கிறது என்பதை மறைக்க முடியவில்லை.

இவ்வளவும் பட்டவன் அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? அதே பெஞ்சை நானே செய்து போட்டேன்! பன்னிருவரையும் ஒரு சிறு தேர்வு வைத்து மூன்றாகப் பிரித்து, மடிக்கணினிக்கு ஒரு குழு என்று உட்கார வைத்தேன். முதல் கருவியில் பெருக்கலும் வகுத்தலும்; இரண்டாவதில் ஈரிலக்கக் கழித்தல்; மூன்றாவதில் ‘டக்ஸ்மேத்’ என்னும் விளையாட்டு. வானத்திலிருந்து வால்மீன்கள் கணக்குகளைச் சுமந்துகொண்டு விழும்; விடையைத் தட்டினால் வெடிக்கும்; தட்டாவிட்டால் கீழே பென்குயின் குடியிருக்கும் பனிவீடு உருகும். நல்ல விளையாட்டு. அதில் ஓரிலக்கக் கூட்டல் மட்டும் விழும்படி வைத்திருந்தேன். இரண்டே வாரத்தில் பிள்ளைகள் அந்த மூன்றாம் கருவிக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டார்கள். ‘மக்கு மிஷின்’.

அந்தக் கருவியில் உட்கார்ந்தவர்களில் தோபிக்கானாக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, நான்காம் வகுப்பு. ஒரு நாள் அவளை வீட்டில் விடப் போனேன். அவள் பாட்டி மூட்டையை அவிழ்த்துப் போட, இவள் எண்ணுகிறாள். சட்டை பதினேழு, சேலை ஒன்பது, விரிப்பு ஆறு; ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தொகையைச் சொல்லிவிட்டுப் போன வாரத்துப் பாக்கியையும் சேர்த்துச் சொன்னாள். நான் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்படியானால் என் தேர்வில் ஏன் வகுத்தல் தெரியவில்லை என்று கேட்டேன். “ஹரணம்னா என்னன்னு தெரியல அண்ணா” என்றாள். பங்கு போடுவது அவளுக்குத் தெரியும். மிச்சம் என்பதும் தெரியும். தேர்வுத்தாளை நான் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து மலையாளத்தில் எழுதியிருந்தேன். அதில் ‘ஹரணம்’, ‘சிஷ்டம்’ என்று இருந்தது. நான் அளந்தது அவள் கணக்கை அன்று, அவள் மலையாளத்தை.

வேற்று மாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் ‘ரோஷ்னி’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். இந்தி, வங்காளம், ஒடியா பேசும் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் தொடங்கி மலையாளத்துக்குக் கொண்டுவரும் முறை அது. பாராட்டத்தக்க முயற்சி. தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் யாருக்கும் அந்தக் கவலை எழுவதில்லை. ஐம்பதும் ஆயிரமும் இரு மொழியிலும் ஏறத்தாழ ஒன்றுதானே, இவர்களுக்கு என்ன இடர் என்று எண்ணுகிறார்கள். எண்ணுப் பெயர் ஒன்றுதான். ஆனால் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதுதான் வேறு சொல்லில் இருக்கிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழிப் பள்ளியும் பாடநூலும் உண்டு. எங்கள் பகுதிப் பிள்ளைகள் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நேர்மையோடு எடுத்துச் சொல்ல வேண்டும். தரம் பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது பயன் தரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. டெல்லியில் 2015-இல் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் மென்பொருளைக் கொண்டு மாலைநேர மையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கானிமியன் ஆகிய மூவர் செய்து 2019-இல் வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கி நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் இடத்தை மென்பொருள் கண்டு, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கிற்று. நாலரை மாதத்தில், இந்த வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் கணிசமாக முன்னேறினார்கள். 2024-ஆம் ஆண்டு ‘அசர்’ அறிக்கையில், ஊர்ப்புற இந்தியாவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் வகுத்தல் தெரிந்தவர் ஏறத்தாழ 31 விழுக்காடுதான். இந்த நிலையில், எல்லோருக்கும் ஒரே கடை என்று அடம்பிடிப்பது அறிவுடைமை ஆகுமா? ஆகாது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வைப் புகழ்பவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தொண்ணூறு நிமிடத்தில் பாதிதான் கணிப்பொறிக்கு. மற்றப் பாதியில் சிறு குழுவாக ஒரு மனிதரிடம் படித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி பலமுறை எழுந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ‘ஏணி’ இருந்தது. அட்டை அட்டையாகத் தன் வேகத்தில் ஏறலாம். கொரோனாவுக்குப் பின், 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பெயர்கள் அழகானவை. அரும்பை யாரும் குறை சொல்ல முடியாது. அது நாளை மலர வேண்டியதுதானே! பெயர் வைத்தவர் பிள்ளை மனம் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் செயலியில் மதிப்பீடுகளைப் பதிவதிலேயே வகுப்பு நேரம் கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன. எங்கள் பன்னிருவருக்கே மதிப்பெண் எழுதி வைக்க நான் மறந்துவிடுகிறேன்; நாற்பது பேரை வைத்திருப்பவர் பாடு என்னவாக இருக்கும்!

பல தரப் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் படிப்பிப்பது நமக்கு அமெரிக்கா சொல்லிக்கொடுத்த பாடம் அன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதும் பிள்ளையும் எண்சுவடி ஒப்பிக்கும் பிள்ளையும் ஒரே திண்ணையில்தான் இருந்தார்கள். மூத்தவன் சட்டாம்பிள்ளையாகி இளையவனுக்குச் சொல்லித் தருவான். இங்கிருந்த பள்ளிகளில் இதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியில் கையாண்டு பார்த்து, 1797-இல் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுதும் போயிற்று. திண்ணையில் பிரம்படியும் உண்டு, எல்லாச் சாதியாருக்கும் இடமும் இல்லை. அதற்கு நான் திருவிழா எடுக்கவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து வேறு வேறு படியில் படிக்கலாம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இதையே வேறு வழியாகச் சொன்னவர் சீமோர் பாப்பர்ட். 1967-இல் சிறுவர்க்கென்று ‘லோகோ’ என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவர். சிறுவர்க்கான கருவிக்குத் தரை தாழ்ந்திருக்க வேண்டும், கூரை உயர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதாவது எந்தப் பிள்ளையும் எளிதில் உள்ளே வரலாம். வந்தபின் எவ்வளவு உயரமும் எழும்பலாம். அவர் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் ‘ஸ்கிராட்ச்’ என்னும் மென்பொருளை வெளியிட்டார்கள். சுவர்களும் அகன்றிருக்க வேண்டும் என்று அவர் ஒன்றைச் சேர்த்தார். ஒரே வழியாக அன்றிப் பல வழியாக நடக்க இடம் வேண்டுமாம்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வாசலில் கோலம் போடுவதைப் பார்த்தேன். தினமும் பார்ப்பதுதான். அன்று எண்ணிப் பார்த்தேன். நேர்ப்புள்ளி, 1, 3, 5, 7, 5, 3, 1. கோலத்தைக் கணிப்பொறி இயலோடு பொருத்திப் பார்த்தவர்கள் நம்மவரே. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் 1974-லேயே கோலத்தின் இலக்கணத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். முதுகலை வகுப்புக்கும் ஆகும், மூன்றாம் வகுப்புக்கும் ஆகும் என்றால், இதைவிடத் தாழ்ந்த தரையும் உயர்ந்த கூரையும் எங்கே கிடைக்கும்?

மூன்று கருவியிலும் ஒரே வேலையை வைத்தோம். திரையில் கோலத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும். தட்டினால் ஒரு புள்ளி விழும். விரும்புகிறவர்கள் ஒவ்வொன்றாகத் தட்டி, வரிசை வரிசையாக வைத்து எண்ணலாம். ஏழு புள்ளிக் கோலத்துக்கு 25 வரும். அதற்கு மேல் செல்கிறவர்கள், ஒன்பது புள்ளிக் கோலத்துக்கு எத்தனை என்று வைக்காமலே சொல்லிவிட்டுப் பிறகு வைத்துச் சரிபார்க்கலாம். இன்னும் மேலே செல்கிறவர்கள், எத்தனை புள்ளிக் கோலம் என்று சொன்னால் கணிப்பொறி தானே வைத்துவிடும்படி ஸ்கிராட்ச்சில் கட்டளை அடுக்கலாம். இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு போய், இரண்டிரண்டாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். யார் எந்த வாசலில் நுழைவது என்று நான் சொல்லவில்லை. ஒரு வாசலில் நுழைந்தவர் அடுத்ததற்குப் போகலாம், திரும்பியும் வரலாம். எல்லோரும் தம் விடையைக் கரும்பலகையில் ஒரே பட்டியலில் எழுத வேண்டும் என்பது மட்டும் விதி.

ஓர் ஐந்தாம் வகுப்புப் பையன், கோலம் பொம்பளைப் பிள்ளை வேலை என்று எழுந்து போய்விட்டான். அவன் அப்பா கிடங்கில் மூட்டை அடுக்குபவர். அடியில் ஏழு, அதன்மேல் ஐந்து, மூன்று, ஒன்று என்று மூட்டை அடுக்கினால் மொத்தம் எத்தனை என்று கேட்டேன். 16 என்றான். அடியில் ஒன்பது வைத்தால்? திரையில் சாக்கு மூட்டை அடுக்கத் தொடங்கிவிட்டான். தான் செய்ததும் பாதிக் கோலம்தான் என்று அவன் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் முகம் சிவந்ததைப் பார்க்க வேண்டுமே!

பட்டியல் கரும்பலகையில் வளர்ந்தது: 1, 5, 13, 25, 41. கட்டளை எழுதிய மூவருக்கும் பெருமை தாங்கவில்லை. இருபத்தொரு புள்ளிக் கோலத்துக்கும் அவர்கள் கருவி ஒரு நொடியில் விடை சொல்லிற்று. அந்த மூவரும் காணாத ஒன்றை, ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிக்கொண்டிருந்த நம் தோபிக்கானாச் சிறுமி கண்டாள். “ஒவ்வொரு வாட்டியும் நாலாம் வாய்ப்பாடு கூடுது அண்ணா” என்றாள். 4, 8, 12, 16. உண்மைதான். ஒவ்வொரு சுற்றையும் கையால் வைத்தவளுக்கு அது தெரிந்தது. கருவியை வைக்கச் சொன்னவர்களுக்கு மொத்தம் மட்டும் தெரிந்தது. பிறகு அந்த மூவரும் அவளிடம் வந்து, அடுத்தது இருபதா என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

இதைச் சொல்லி, என் முறையே முறை என்று பறைசாற்ற வரவில்லை. கோலத்தில் எல்லாம் அடங்காது. கடன் வாங்கிக் கழித்தல் தெரியாத பிள்ளைக்கு அதைத் தனியாக உட்கார்த்தித்தான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. அதற்கு டக்ஸ்மேத் வால்மீன்களை இன்றும் பயன்படுத்துகிறோம். ஆனால் இப்போது பன்னிருவரும் முறை வைத்து விளையாடுகிறார்கள். தொடங்கும் முன் தமக்கு எது விழ வேண்டும் என்று தாமே தேர்ந்துகொள்கிறார்கள். பயிற்சிக்குத் தரம் பார்க்கலாம், செயல்திட்டத்தைத் தரம் பிரித்து உடைக்கக் கூடாது என்பதே என் கட்சி. பிரித்துக் கொடுத்த செயல்திட்டத்தில், கீழே இருப்பவனுக்குக் கிடைப்பது எப்போதும் செயல்திட்டம் அன்று, கூட்டல் கணக்குத்தான்.

கருவியே தரம் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு பிள்ளை விடை சொல்ல ஒன்பது நொடி எடுக்கிறது என்று கருவி சொல்லும். அந்த ஒன்பது நொடியும் கணக்கில் போயிற்றா, ‘ஹரணம்’ என்ற சொல்லில் போயிற்றா என்று அதனிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை. எங்கள் கணக்குத்தாளில் இப்போது வகுத்தல், ஹரணம் என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம். மீதி, சிஷ்டம் என்பதும் அவ்வாறே. அதைச் செய்த வாரம், ‘வகுத்தல் தெரியாதவர்’ ஐவரில் மூவர் குறைந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் நாளே செய்திருக்கலாம்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். டக்ஸ்மேத்தின் பாடங்கள் சாதாரண எழுத்துக் கோப்புகள். எந்தக் கணக்கு விழ வேண்டும் என்பதைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கணிப்பொறித் துறையில் படிக்கும் நம் மன்றத்து நண்பர்களுக்கு இது ஒரு மாலை வேலை. எனக்கோ இரண்டு ஞாயிறு போயிற்று. அப்போதும் ஒரு பனிவீடு தலைகீழாக நிற்கிறது. ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டி வைக்கிறோம். பரிசுக் கோலங்களின் புள்ளிக் கணக்கை எழுதித் தந்தால், அடுத்த பாடத்துக்கு ஆகும். இடைப்புள்ளிக் கோலங்கள் எங்களிடம் இல்லை.

நீர் மெட்ரோ 2025-இல் மட்டாஞ்சேரிக்கும் வந்துவிட்டது. எர்ணாகுளத்திலிருந்து உயர்நீதிமன்றத் துறையில் ஏறினால் எளிதில் வந்துவிடலாம். வகுப்பு ஞாயிறு பத்து மணிக்கு. மடிக்கணினி இருந்தால் எடுத்து வாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு இப்போது ‘7’ என்னும் விசை வேலை செய்யவில்லை. பிள்ளைகள் ஏழு வேண்டிய இடத்தில் எல்லாம் 8 போட்டு ஒன்றைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள்.